பத்துக் கோல் தோல்வியும் அதன் பயனும்

உலகத்தில் வெற்றி பெற்றாரைப் போற்றுதல் எல்லார்க்கும் எளிது. தோல்வியுற்றாரை நினைத்தலும், அவர் தோற்ற காரணத்தை விருப்பு வெறுப்பின்றி ஆராய்தலும் அரிய செயல்களாம். ஆயினும் நம் முன்னோர் தோற்றவரை முற்றும் மறந்தாரல்லர். பரணி என்னும் பிரபந்தத்தை நோக்குக. வென்ற வேந்தனைப் பாடுவதே அதன் கருத்தாயினும், தோற்றவர் பெயரையே நூலுக்கு இடுதல் மரபு. முதற் குலோத்துங்க சோழனுடைய படை கலிங்கத்தை வென்றது. ஜயங்கொண்டார் அவ்வெற்றியைப் பாடிய நூலோ 'கலிங்கத்துப் பரணி' என்றே வழங்குகின்றது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னர், வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் எய்த வேல் மார்பை ஊடுருவி முதுகிலும் புண் செய்ய, அது பொறாத சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற கரிகாலனை நோக்கியே, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடிய புலமை மங்கை வெண்ணிக்குயத்தியார் ஆவர்.

தோற்றவரை இகழாமை இவ்வாறு நம் மரபில் உண்டு. ஆனால், தோற்றவரைப் புகழ்வது ஒன்று; தோல்வியிலிருந்து கற்பது மற்றொன்று. முன்னதில் நாம் வல்லவர். பின்னதில் வல்லவரோ என்பது ஆராயத்தக்கது. அதனை ஆராய்வதற்கு அரசர் போர்களை விடுத்து, நம் பிள்ளைகள் நாள்தோறும் ஆடும் கால்பந்தாட்டத்தையே எடுத்துக்கொள்ளக் கருதினேன். 1948-ஆம் ஆண்டு முதல் 1956-ஆம் ஆண்டு வரையில் இந்தியக் கால்பந்துக் கோஷ்டி உலக அரங்கில் அடைந்த தோல்விகளும், அவற்றால் விளைந்த நன்மையும் இக்கட்டுரையின் பொருளாம். விளையாட்டுத்தானே என்று நம் சங்கத்துப் பெரியோர் இதனைத் தள்ளிவிட வேண்டா. பிள்ளைகள் முதன்முதலில் தோல்வியைக் காணும் இடம் மைதானமே. அங்கே அவர்கள் என்ன கற்கின்றார்களோ அதனையே பரீட்சையிலும் தொழிலிலும் வாழ்க்கையிலும் கொண்டு செலுத்துவர்.

முதலில் வெறுங்கால் ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். கால்பந்தாட்டம் ஆங்கிலப் பட்டாளத்தாரோடும் பாதிரிமார் பள்ளிகளோடும் நம் நாட்டிற்கு வந்தது. வெள்ளையர் பூட்ஸ் அணிந்து ஆடினர். நம்மவர் வெறுங்காலோடு ஆடினர். பூட்ஸுக்குப் பணம் வேண்டும். வெறுங்காலுக்கோ ஒன்றும் வேண்டா. அன்றியும், பிறந்தது முதல் வெறுங்காலோடு நடந்து பழகியவர்க்கு விரல்களாலும் உள்ளங்காலாலும் பந்தின் போக்கை உணர்ந்து திருப்புதல் எளிதாயிருந்தது. காய்ந்த தரையில் அவர்தம் விரைவையும் நுட்பத்தையும் கண்டு எதிரிகள் திகைத்தனர்.

1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த கேடயப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் என்னும் வங்காளிக் கோஷ்டி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்துக் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்றது. மோகன் பகான் ஆட்டக்காரர் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலினர். அடிமைப்பட்டிருந்த நாட்டிற்கு அவ்வெற்றி அளித்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. வெள்ளையனுடைய ஆட்டத்தில், வெள்ளையனுடைய பூட்ஸ் இன்றியே, வெள்ளையனை வெல்லலாம் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது. அவ்வெண்ணம் நமக்குத் தைரியம் தந்தது. நாளடைவில் அதுவே நம் கண்ணை மறைக்கும் திரையும் ஆயிற்று. ஒரு காலத்து வெற்றிக்குத் துணை செய்தது எக்காலத்தும் துணை செய்யும் என்று எண்ணுதல் மனித இயற்கை.

நிற்க. 1947-ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே லண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் கோஷ்டி அதற்குச் சென்றது. தலைவர் டாலிமெரன் ஆவோ என்பவர்; நாகர் மலைநாட்டில் ஒரு பாதிரியார் மகனாய்ப் பிறந்து, கௌஹாத்தியிலே காட்டன் கல்லூரியிலும் கல்கத்தாவிலே கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியிலும் பயின்றவர். மாணவராயிருந்துகொண்டே மோகன் பகான் கோஷ்டியில் ஆடியவர். ஆட்டமும் படிப்பும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று கருதும் பெற்றோர் இவர் வரலாற்றை அறிதல் நன்று. ஒலிம்பிக் பந்தயத்திலிருந்து மீண்ட பின்னர் இவர் டாக்டர் ஆகித் தம் நாட்டிற்கே சென்று நாகாலாந்தின் சுகாதார இலாகாத் தலைமைப் பதவி வரையில் உயர்ந்தார்.

1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், லண்டனை அடுத்த இல்போர்டு என்னுமிடத்தில் இந்தியா பிரெஞ்சு தேசத்தை எதிர்த்து ஆடியது. நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கக் கண்டு கூட்டத்தார் வியந்தனர். பிரெஞ்சுக்காரர் முதற் கோலை இட்டனர். பிற்பாதியில் மைசூர்க் கோஷ்டியைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் என்பார் பதிலுக்கு ஒரு கோல் இட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் விடுதலை பெற்ற இந்தியா இட்ட முதற் கோல் அதுவே. நம்மவர்க்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன, ஒன்றைச் சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாபீர் பிரசாதும் உதைத்தனர், இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரெஞ்சுக்காரர் மற்றொரு கோல் இட்டு, இரண்டுக்கு ஒன்று என வென்றனர்.

இத்தோல்வி நமக்கு இழிவைத் தரவில்லை. மாறாகப் புகழையே தந்தது. வெறுங்கால் வீரர் என்று லண்டன் மக்கள் நம்மவரைக் கொண்டாடினர். இவ்விடத்திலேதான் நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். நூலிழையில் தோற்ற தோல்வி மிகக் கொடிய ஆசிரியன். இரண்டு பெனால்டி உதைகளில் ஒன்றேனும் உட்சென்றிருந்தால் என்று நினைத்து மனம் ஆறுதல் அடையும், காரணத்தைத் தேடாது. அதிர்ஷ்டத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, பழைய வழியிலேயே நடக்கத் தொடங்கும். எதிரியின் கைதட்டல் வேறு அதற்குத் துணை நிற்கும். 1948-ஆம் ஆண்டிலே கற்றிருக்க வேண்டிய பாடத்தைக் கற்காமலே நம் கோஷ்டி ஊர் திரும்பியது.

இடையே, 1950-ஆம் ஆண்டு பிரேசில் தேசத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் தகும். ஏனைய ஆசியக் கோஷ்டிகள் விலகிக்கொண்டமையால் இந்தியாவுக்கு அங்கே ஆடும் உரிமை கிடைத்தது. ஆயினும் இந்தியா செல்லவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி கிடையாது என்று கூறப்பட்டதனால் நம்மவர் மானத்தோடு விலகினர் என்று ஒரு கதை இன்றளவும் வழங்குகின்றது. வீட்டுத் திண்ணைகளில் இதனைக் கேளாதார் இரார். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அக்காலத்தில் சொல்லிய காரணமோ வேறு: கோஷ்டியைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேற்றுமையும், பயிற்சிக்குப் போதிய காலம் இன்மையுமே என்பது. ஒலிம்பிக் பந்தயத்தையே பெரிதாக மதித்து, உலகக் கோப்பையின் மதிப்பை அன்று நம்மவர் உணராதிருந்தமையும் ஒரு காரணம். இவை கேட்பதற்கு இனியன அல்ல. மானக் கதையோ இனியது. இனியதை வைத்துக்கொண்டு உண்மையை விட்டுவிடுதல் நமக்கு எவ்வளவு எளிதாயிருக்கின்றது என்பதற்கு இக்கதையே சான்று.

1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டில்லி மாநகரில் முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றன. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை ஒரு கோலால் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோல் இட்டவர் சாகு மேவாலால். நம் சீதோஷ்ணம், நம் தரை, நம் மக்கள் கூட்டம் ஆகிய எல்லாம் துணையாயிருந்த வெற்றி அது. வெற்றியைக் குறை கூறுதல் என் கருத்தன்று. ஆனால், அவ்வெற்றிக்குப் பின் பழைய முறையை மாற்ற வேண்டும் என்று யார் சொல்லியிருந்தாலும் எவரும் செவி சாய்த்திரார் என்பது தெளிவு.

இனி, முக்கியமான தோல்விக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் பின்லாந்து தேசத்துத் தலைநகராகிய ஹெல்சிங்கியில் நடைபெற்றன. அத்தேசம் வடக்கே நெடுந்தொலைவில் உள்ளது. கோடைக்காலத்திலும் நம் நாட்டைப்போல் வெப்பம் இல்லாதது. ஜூலை 15-ஆம் நாள் இந்தியா யூகோஸ்லாவியா தேசத்தை எதிர்த்தது. நம் கோஷ்டிக்குத் தலைவர், முன்னே பெனால்டி உதையைத் தவறவிட்ட சைலேன் மன்னாவே. குளிர்ந்த, ஈரமான மைதானத்தில் நம்மவருட் பலர் வழக்கம்போல வெறுங்காலினராயினர். பின்னர் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லுதலே நலம். யூகோஸ்லாவியர் பத்துக் கோல் இட்டனர். அவற்றுள் நான்கு பிராங்கோ ஜெபெக் என்னும் ஒருவரே இட்டவை. ஆட்டம் முடியும் வேளையில் அகமத் கான் நமக்காக ஒரு கோல் இட்டார். பத்துக்கு ஒன்று. இந்தியா அன்றே பந்தயத்திலிருந்து நீங்கியது.

எதிரிகள் சாதாரணர் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அடுத்த சுற்றில் சோவியத் கோஷ்டியோடு ஐந்துக்கு ஐந்து என்று ஆடி, மறு ஆட்டத்தில் வென்று, இறுதி வரையில் முன்னேறினர். புஷ்காஷ் முதலானோர் ஆடிய புகழ்பெற்ற ஹங்கேரிக் கோஷ்டி ஒன்றே அவர்களை வென்றது. வெள்ளிப் பதக்கம் அவர்களுடையது. ஆகவே தோற்றதில் வெட்கம் இல்லை. ஆனால் பத்துக்கு ஒன்று என்பது வெறும் வலிமைக் குறைவால் மட்டும் வந்ததன்று. ஆயத்தக் குறைவால் வந்தது.

அக்காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஈரத்தரையில் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்களோ தரையைப் பற்றிக்கொள்ளும். விரைந்து ஓடிச் சட்டென்று திரும்ப வேண்டிய ஆட்டத்தில் இவ்வொரு வேற்றுமையே போதும். அக்காலத்துத் தோற்பந்து நனைந்தால் நீரை உண்டு பாரமாகும். குளிரில் விறைத்த வெறுங்காலால் அதனை நெடுந்தூரம் உதைத்தல் அரிது. எதிரி பூட்ஸ் அணிந்த காலோடு பாய்ந்து வரும்போது வெறுங்காலினன், தன்னை அறியாமலே, பந்தை விட்டுக் காலைக் காத்துக்கொள்வான். அது கோழைத்தனம் அன்று, உடலின் இயற்கை. இவையேயன்றி, உள்நாட்டுப் பந்தயங்கள் அக்காலத்தில் உலக முறையாகிய 90 நிமிஷத்திற்குக் குறைந்தே நடைபெற்று வந்தன. குறுகிய ஆட்டத்திற்குப் பழகிய உடல் நீண்ட ஆட்டத்தில் இறுதிவரை தாங்குவது எங்ஙனம்? மேலும், நம்மவர் தனித்தனியே பந்தைக் காலோடு கொண்டு சென்று எதிரியை ஏய்ப்பதில் வல்லவர். ஐரோப்பியரோ ஒருவர்க்கொருவர் விரைந்து கொடுத்து வாங்கி ஆடுபவர். பந்து ஓடும் வேகத்திற்கு மனிதன் ஓடும் வேகம் ஈடாகாது.

நூலிழையில் தோற்றபோது மறைந்திருந்த இக்காரணங்கள் யாவும் பத்துக் கோலில் வெளிப்பட்டன. இம்முறை அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட இடமில்லை. கைதட்டிய எதிரியும் இல்லை. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் சம்மேளனம், ஆட்டக்காரர் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று விதி செய்தது. 1911 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருமையாகப் போற்றப்பட்ட ஒரு வழக்கம் ஒரு தோல்வியால் முடிவுற்றது. பெருமையைக் கைவிடுதல் எளிதன்று. வெறுங்கால் என்பது ஏழ்மையின் அடையாளம் மட்டுமன்று. வெள்ளையனை வென்ற நினைவும் அதனோடு பிணைந்திருந்தது. அதனைக் கைவிட்டமைக்கே அக்காலத்தாரை நாம் பாராட்ட வேண்டும்.

மருந்து உண்ட மறுநாளே நோய் நீங்குவதில்லை. 1954-ஆம் ஆண்டு மனிலாவில் நடந்த இரண்டாவது ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை வென்றபோதிலும் இந்தோனேசியாவிடம் நான்கு கோலால் தோற்று வெளியேறியது. பூட்ஸ் அணிந்தும் தோற்றோமே என்று அப்பொழுதும் பலர் முணுமுணுத்திருப்பர். புதுப் பழக்கம் காலில் இறங்கும் வரையில் பழைய திறமும் சிறிது குறைந்தே தோன்றும். பொறுமையில்லாதவர் இந்நிலையில் பழைய வழிக்கே திரும்பிவிடுவர். நம்மவர் திரும்பவில்லை.

இக்காலத்து மாறுதலுக்குப் பெரிதும் காரணராயிருந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதைச் சொல்ல எனக்கு உவகை உண்டாகின்றது. அவர் ஹைதராபாத்து சையத் அப்துல் ரஹீம். 1909-ஆம் ஆண்டு பிறந்தவர். உஸ்மானியா சர்வகலாசாலையில் பயின்று அதன் கோஷ்டியில் ஆடியவர். பல பள்ளிகளில் உபாத்தியாயராய் இருந்தவர். ஹைதராபாத்து நகரப் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்து வந்தார். அக்கோஷ்டி 1950 முதல் 1954 வரையில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் தங்கம் வென்ற இந்தியக் கோஷ்டிக்கும், 1952-இல் பத்துக் கோல் வாங்கிய கோஷ்டிக்கும் பயிற்சியாளர் அவரே. தோல்வியோடு அவரை ஒதுக்கிவிடாமல் மீண்டும் அவரிடமே கோஷ்டியை ஒப்புவித்தமை நாட்டின் நற்காலம்.

அவருடைய போதனா முறை ஆசிரியர் யாவரும் அறியத்தக்கது. பந்தைக் காலோடு கொண்டு செல்லுதல் கூடாது, வாங்கிய உடனே கொடுத்துவிட வேண்டும் என்னும் நிபந்தனையோடு சிறுவர்க்குப் பந்தயங்கள் நடத்தினார். வலக்காலன் இடக்காலாலும் இடக்காலன் வலக்காலாலும் மட்டுமே உதைக்க வேண்டும் என்னும் பந்தயங்களும் நடத்தினார். குறை எதுவோ அதனையே ஆட்டமாக்கி, விளையாட்டாகவே தீர்த்துவிடும் உபாயம் இது. 'உனக்கு இடக்கால் வராது' என்று ஒரு பிள்ளையை நூறு முறை கடிந்துகொள்வதால் பயன் இல்லை. இடக்காலால் ஆடினாலன்றி ஆட முடியாத ஓர் ஆட்டத்தை அவனுக்குக் கொடுத்தால் பத்து நாளில் வரும். இலக்கணம் கற்பிப்பார்க்கும் கணக்குக் கற்பிப்பார்க்கும் இஃது ஒக்கும்.

இனிப் பயனைக் காண்போம். 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஹங்கேரி விலகிக்கொண்டமையால் இந்தியா முதற் சுற்றைக் கடந்தது. டிசம்பர் முதல் நாள் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என வென்றது. நெவில் டிசூஸா மூன்று கோல் இட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் இட்ட முதல் ஆசியர் அவரே. அரை இறுதியில் எதிரே நின்றவர் யார்? அதே யூகோஸ்லாவியர்! இம்முறை முதற் கோலை இட்டது இந்தியா. இறுதியில் நான்குக்கு ஒன்று என்று தோற்றது உண்மையே. பின்னர்ப் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. பதக்கம் இல்லை. ஆயினும் பத்துக்கு ஒன்று என்பதையும் நான்குக்கு ஒன்று என்பதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இடையே நான்கு ஆண்டுகளே. இரண்டும் தோல்விதாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தோல்விக்குள்ளும் முன்னேற்றம் உண்டு என்பதை அறியாதவர், பிள்ளையின் மதிப்பெண் பதினைந்திலிருந்து முப்பதாக உயர்ந்ததைக் காணாமல், தேறவில்லை என்ற ஒன்றையே கண்டு சினப்பவரை ஒப்பர்.

1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்று, பிரெஞ்சு தேசத்தோடு ஒன்றுக்கு ஒன்று எனச் சமமாக ஆடி, பெரு தேசத்திடம் தோற்றது. பின்னர் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டிலே இந்த நெடும் பாடத்தின் முடிவைக் காண்கிறோம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோலால் தோல்வி. முன்னாளிற்போல் மனம் ஒடியாமல் தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் ஆகிய கோஷ்டிகளை வென்று, செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்றனர். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்னணியில் ஆடிய ஜர்னைல் சிங் மற்றொரு கோலும் இட்டனர். கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டுக் கோஷ்டியில் ஆடி வளர்ந்தவர். முதலில் கோல் இடும் முன்னணி வீரராய் இருந்து, பின்னர்க் கோல் காக்கும் பணிக்கு மாறியவர். ரஹீம் அப்பொழுதே புற்றுநோயால் நலிந்திருந்தார். மறு ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் காலமானார்.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிதாக முடியும். ஆனால் சரித்திரம் அவ்வாறு முடியவில்லை. 1960-க்குப் பின் இந்திய ஆடவர் கோஷ்டி ஒலிம்பிக் கால்பந்தில் இடம் பெறவேயில்லை. 1962-க்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் பெறவும் இல்லை. ஒரு தலைமுறை தோல்வியால் கற்றதை அடுத்த தலைமுறை வெற்றியால் மறந்தது போலும்! கற்ற பாடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய்க் கற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செஞ்சியில் வாழும் நாம் ஏன் நினைக்க வேண்டும்? நம் ஊரே ஒரு தோல்வியைப் பாடி வளர்ந்த ஊர் ஆதலின். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் பொருது மாண்டான். அவனுக்கு அப்பொழுது வயது ஏறக்குறைய இருபத்திரண்டு. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் உண்டாயிற்று. அவன் வீரத்தையும், நண்பன் மகமத்கானுடைய நட்பையும், குதிரையின் பெருமையையும் பாடும் கதைப்பாட்டை நம் ஊரில் அறியாதார் இல்லை. வென்ற நவாபைப் பாடுவார் ஒருவரும் இல்லை.

பாட்டு நன்று, அதனைக் குறை கூறேன். ஆயினும் ஒன்று கேட்கின்றேன். அவன் ஏன் தோற்றான் என்று எத்தனை பேர் நினைக்கின்றோம்? ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் மதிலால் பிணைந்த இக்கோட்டை சாமானியமானதன்று. தேசிங்கின் காலத்திற்குச் சிறிது முன்னர், 1690 முதல் 1698 வரையில், மராட்டிய மன்னர் ராஜாராம் முதலானோர் உள்ளிருக்க, ஜுல்பிகர் கானுடைய மொகலாயப் பெரும்படையை ஏறக்குறைய எட்டு ஆண்டு தடுத்து நின்ற கோட்டை இது. 2025-ஆம் ஆண்டு மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றதும் இதுவே. அத்தகைய மதிலின் பயனைக் கொள்ளாது, சில நூறு வீரரோடு வெளியே சென்று, ஆயிரக்கணக்கான படையைத் திறந்த வெளியில் எதிர்த்தான் அவ்விளைஞன். ஈரத்தரையில் வெறுங்காலோடு இறங்கிய வீரர்க்கும் அவனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரிடத்தும் வீரம் குறையவில்லை, குறைந்தது ஆயத்தம். தேசிங்குக்கு மறு ஆட்டம் கிடைக்கவில்லை, ஆட்டக்காரர்க்குக் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், நாம் கெடுக்காதிருந்தால்.

எவ்வாறு கெடுக்கின்றோம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பல்லாண்டாகக் கண்டு வருகின்றேன். பந்தயத்தில் தோற்ற பிள்ளையைச் சில வீடுகளில் ஏசுகின்றனர். அடுத்த ஆண்டு ஆடப் போகாதே என்று தடுக்கின்றனர். வேறு சில வீடுகளில், நடுவர் செய்த அநியாயத்தால் தோற்றாய் என்று தேற்றுகின்றனர். ஏச்சும் தேறுதலும் எதிர் எதிரானவை போலத் தோன்றினும் இரண்டின் பயனும் ஒன்றே: பிள்ளை காரணத்தைக் காணாமல் போகின்றான். ஏன் தோற்றீர்கள், எவ்விடத்தில் எதிரி மேம்பட்டான், அடுத்த முறைக்கு என்ன செய்யப் போகின்றீர்கள் என்று அன்போடு உட்காரவைத்துக் கேட்கும் தகப்பனாரும் தாயாரும் சிலரே. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் இம்மூன்று கேள்விகளே போதும். தவறியதற்கு அஞ்சி ஊரை விட்டு ஓடுவதும், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிவதுமாகிய செய்திகளை ஆண்டுதோறும் பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். அப்பிள்ளைகளுக்குத் தோற்கக் கற்பித்தவர் ஒருவரும் இல்லை.

பெண் குழந்தைகளையும் இதில் மறத்தல் கூடாது. 2018-ஆம் ஆண்டு அகில இந்தியப் பெண்கள் கால்பந்துப் பந்தயத்தில் நம் தமிழ்நாட்டுக் கோஷ்டி மணிப்பூரை வென்று முதன்முறையாக முதலிடம் பெற்றது. பக்கத்துக் கடலூரிலிருந்து வந்து இந்தியக் கோஷ்டியில் ஆடிய இந்துமதி கதிரேசன் பெயரை நம் வீட்டுப் பெண்கள் அறிதல் வேண்டும். மைதானம் ஆண்களுக்கே உரியது என்பதும் பழைய பெருமைகளுள் ஒன்று, கைவிடத்தக்கது.

ஆதலின் நம் சங்கத்தாரிடம் என் விண்ணப்பம் இது. ஆண்டு விழாவில் வென்ற பிள்ளைகளுக்குப் பரிசு அளிக்கின்றோம், மகிழ்ச்சியே. அத்துடன், முந்திய ஆண்டு தோற்று, இவ்வாண்டு சிறிதேனும் முன்னேறிய பிள்ளை ஒருவருக்கும் ஒரு பரிசு வைத்தல் வேண்டும்; நான்காம் இடம் பெற்றவராயினும் சரியே. இரண்டாவது, நம் குடும்பங்களில் பூட்ஸ் வாங்க வசதியின்றி வெறுங்காலோடு ஆடும் சிறுவர் சிறுமியர் இன்றும் உளர். சங்கத்து நிதியிலிருந்து ஆண்டுக்குப் பத்து ஜோடி பூட்ஸும் இரண்டு பந்தும் வாங்கிக் கொடுத்தல் பெருஞ்செலவன்று. காரியதரிசி அவர்கள் அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டையும் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.